நாக்குல பட்டது

அக்காவின் முன்னால் ஒரு பலகாரத்தை வைத்து "எப்படி இருக்கு?" என்று கேட்கும் தைரியம் எங்கள் குப்பத்தில் யாருக்கும் இருந்ததில்லை. கேட்டால் சொல்லிவிடுவாள். கல்யாண வீடா, கோயில் வாசலா, சம்பந்தி வீட்டார் உட்கார்ந்திருக்கிறார்களா என்றெல்லாம் பார்க்கமாட்டாள். வாயில் போட்டு நிதானமாக மென்று, "சக்கர ஜாஸ்தி" என்பாள். இல்லையென்றால், "இது நெய் இல்ல, டால்டா." கேட்டவள் முகம் சுருங்கினால், "இன்னாத்துக்குக் கோச்சிக்கிற? நாக்குல பட்டதச் சொன்னேன்" என்று அதற்கும் ஒரு பதில் வைத்திருப்பாள்.

அக்கா என்றால் என் கூடப்பிறந்தவள் இல்லை. என் கணவரின் அண்ணன் மனைவி, எனக்கு மூத்த ஓரகத்தி. பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரே வாசலுக்குள் எதிரெதிராக இரண்டு வீடு. ஒன்றில் அவர்கள், இன்னொன்றில் நாங்கள். சமையல் இரண்டுக்கும் பொது, மாமியாரும் பொது. காலையில் எந்த வீட்டில் முதலில் அடுப்புப் பற்றுகிறதோ அந்த வீட்டில் உட்கார்ந்துகொள்வார்.

நான் ஆரம்பாக்கம் பக்கத்தவள். எங்களுக்கும் ஏரிதான் பிழைப்பு. ஆனால் எங்கள் கரையில் தெலுங்கு கலந்த பேச்சு, தெலுங்கு கலந்த சமையல். புளி ஊற்றிய குழம்பு எதுவானாலும் கொஞ்சம் வெல்லம் கிள்ளிப் போடாமல் என் அம்மா இறக்கமாட்டாள். கல்யாணமாகி வந்து முதல் முறையாக நான் மீன் குழம்பு வைத்தபோது அதையேதான் செய்தேன். மடவை மீன், நல்ல கொழுப்பு. மாமியார் ஒரு வாய் வைத்துவிட்டுத் தட்டைத் தள்ளினார்.

"இன்னாடி இது, மீன் கொழம்புல வெல்லத்தப் போட்டு வச்சிக்கிற? நோம்பா கும்பிடப் போறோம்?"

என் கணவர் தலையைக் குனிந்துகொண்டார். மாமா, அதாவது அக்காவின் வீட்டுக்காரர், சிரிப்பை அடக்க முடியாமல் தண்ணீர் குடிக்கிற மாதிரி சொம்பைத் தூக்கினார். எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. அப்போதுதான் அக்கா ஒரு வாய் எடுத்துத் தின்றாள். அவளாவது எனக்காக ஒரு வார்த்தை சொல்வாள் என்று பார்த்தேன்.

"எனக்கும் புடிக்கல" என்றாள்.

எனக்கு அழுகை வந்தேவிட்டது. அவள் அதைக் கண்டுகொள்ளாமல் மாமியாரிடம் திரும்பினாள்.

"எனக்குப் புடிக்கல, உனக்குப் புடிக்கலத்த. சரி. அவளுக்கு இதான புடிக்குது? பொறந்ததுல இருந்து இதத் தின்னுகினு வந்தவ. இனிமே கொழம்ப ரெண்டு சட்டியா எறக்கு. அவ சட்டியில அவ வெல்லம் போட்டுக்கட்டும், யாரு கேக்கறது?"

மறுநாளே மார்க்கெட்டிலிருந்து வரும்போது எனக்கென்று ஒரு சின்ன மண்சட்டி வாங்கி வந்தாள். அவள் வாயில் என் சமையலுக்கு ஒருநாளும் நல்ல வார்த்தை வந்ததில்லை. ஆனால் என் வெல்லத்தை யாரும் பறிக்க அவள் விட்டதும் இல்லை. எனக்கு அவளைப் புரிந்துகொள்ளக் கொஞ்ச காலம் பிடித்தது.

அவளுக்குத் தித்திப்பு பிடிக்கும், அதுவும் டீயில். விடியற்காலையில் படகுத்துறைக்குப் போய் இறாலும் நண்டும் ஏலத்தில் எடுத்து, அன்னக்கூடையில் ஐஸ் போட்டுத் தூக்கிக்கொண்டு பழவேற்காடு மார்க்கெட்டில் உட்கார்ந்தால், மதியம் வரைக்கும் டீதான் அவளுக்குச் சாப்பாடு. வீட்டிலும் டீ அவள் கையால்தான். பால், தூள் எல்லாம் பொது. சர்க்கரை மட்டும் தனித்தனி. மாமாவுக்குத் தம்ளர் அடியில் கரையாமல் நிற்கிற அளவு. என் கணவருக்கு நாலு பருக்கை. மாமியாருக்கு நடுவில். யாருக்கு எவ்வளவு என்று அவள் ஒரு தரம்கூடக் கேட்டதில்லை. "எல்லாருக்கும் ஒரே அளவா கொட்டறதுக்கு இது இன்னா மாட்டுத் தொட்டியா?" என்பாள்.

ஒருநாள் கெளுத்தி மீனின் முள் அவள் காலில் ஏறியது. கரையில் இருக்கிறவர்களுக்கு அது புதிதல்ல. மஞ்சளைச் சுட்டு வைத்துக் கட்டிவிட்டு மார்க்கெட்டுக்குப் போய்விட்டாள். ஆனால் அந்தப் புண் ஆறவில்லை. வீங்கிச் சீழ் வைத்து, நடக்கவே முடியாமல் போன பிறகுதான் மாமா அவளை ஆட்டோவில் ஏற்றிப் பொன்னேரிக்கு அழைத்துப்போனார். அங்கே காலை அறுத்துச் சுத்தம் செய்தார்கள். ரத்தத்தைப் பார்த்துவிட்டு சுகர் என்றார்கள். அதுவும் ரொம்ப நாளாகவே இருந்திருக்கிறதாம். இனிப்பைத் தொடக்கூடாது, கூடையைத் தலையில் ஏற்றி நடக்கவும் கூடாது.

மாமா பெரிய பேச்சுக்காரர் இல்லை. வலை, படகு, காற்று இதைத் தவிர அவர் வாயிலிருந்து நாலு வார்த்தை சேர்ந்தாற்போல நான் கேட்டதில்லை. அந்த வாரம் சென்னைக்கு வலை நூல் வாங்கப் போனவர் ஒரு சின்ன டப்பாவோடு வந்தார். அழுத்தினால் பொட்டு மாதிரி ஒரு வெள்ளை மாத்திரை விழும். டீயில் போட்டால் இனிக்கும், உடம்பில் சர்க்கரை ஏறாது. கடைக்காரன் சொன்னதையெல்லாம் வழி நெடுக மனப்பாடம் செய்துகொண்டு வந்தவர் மாதிரி எங்களுக்குச் சொன்னார். அவரே அடுப்புப் பற்றவைத்து, அவரே டீ போட்டு, மாத்திரையைத் தட்டி, ஆற்றி, அக்கா கையில் கொடுத்துவிட்டு எதிரில் குந்திக்கொண்டார். அவர் டீ போட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அக்கா ஒரு வாய் குடித்தாள். முகத்தைத் திருப்பி வாசலில் துப்பினாள்.

"கசக்குதுய்யா."

"கசக்குதா? நல்லா குடிச்சுப் பாருமே."

இன்னொரு வாய் குடித்தாள். இந்த முறை துப்பவில்லை, கஷ்டப்பட்டு விழுங்கினாள். "மொதல்ல தித்திக்கிற மாதிரி வருது. பின்னாலயே கசக்குது. தகரத்த நக்கின மாதிரி நிக்குது."

தம்ளர் கைமாறியது. மாமா குடித்துவிட்டுத் "தித்திக்குதே" என்றார். என் கணவர் குடித்தார், தித்திப்பு. நானும் குடித்தேன். எனக்குச் சர்க்கரைக்கும் அதற்கும் வித்தியாசமே தெரியவில்லை, அப்படியே சொன்னேன். மாமியார் ஒரு வாய் வைத்துக்கொண்டு மகன் முகத்தைப் பார்த்தார். "தேன் மாதிரி கீதுடா நைனா" என்றார். பிறகு என் பக்கம் சாய்ந்து மெல்லச் சொன்னார்: "நடிக்கிறா. சக்கர வேணும் அவளுக்கு."

அக்காவுக்குக் காது நல்ல கூர்மை. அவள் திரும்பி மாமியாரைப் பார்த்தாள்.

மாமா விடவில்லை. வேறு பெயரில் வேறு டப்பா வாங்கினார். ஏதோ இலையிலிருந்து எடுத்தது, மருந்தே இல்லை என்று யாரோ சொல்ல, அந்த வெள்ளைப் பொடியையும் வாங்கிக்கொண்டு வந்தார். "இது அதுக்கும் மேல. வேப்பம்பட்ட" என்றாள் அக்கா. ஒவ்வொரு முறையும் அவர் முகம் இறங்கியதைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் விசாரித்தால், "அவளுக்கு எல்லாம் கசக்குதாம்" என்பார். அந்த 'தாம்' என்ற ஒட்டு வரும்போது அவர் உதடு ஒரு பக்கமாகக் கோணும். கேட்டவர்களும் சிரிப்பார்கள். அக்கா கதவுக்கு உள்பக்கம் நின்று அதையும் கேட்பாள்.

கடைசியில் அவர் சொல்லாமலே செய்து பார்த்தார். ஒரு சாயங்காலம் பாலிலேயே அந்த மாத்திரையைக் கரைத்து, சர்க்கரை கொஞ்சம் போட்ட டீ என்று சொல்லி, மாமியார் கையில் கொடுத்து அனுப்பினார். அக்கா வலை முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். தம்ளரை வாங்கி உதட்டில் வைத்தாள். அப்படியே கீழே வைத்தாள். மாமியாரை, மாமாவை, என்னை, வாசலில் நின்ற என் கணவரை, ஒவ்வொருத்தராகப் பார்த்தாள். எழுந்து நொண்டிக்கொண்டே போய் முருங்கை மரத்தடியில் டீயை ஊற்றினாள்.

"இனிமே என் டீய நான் போட்டுக்கறேன்."

"ஏன்மே, ஊரே தித்திக்குதுன்னு சொல்லுது. உனக்கு மட்டும் இன்னா?" மாமா கத்தினார். அவர் கத்தி நாங்கள் கேட்டதில்லை. "உன்னிய நல்லா வச்சிக்கணும்னு பேயா அலையறேன். ஒருவாட்டி, ஒரே ஒருவாட்டி, நல்லா கீதுன்னு சொன்னா இன்னா கொறஞ்சிடுவ?"

"ஊரு நாக்கு ஊரு வாயில கீது. என் நாக்கு என் வாயில கீது" என்றாள் அக்கா. அவள் கத்தவில்லை. "நீ ஆசையா வாங்கினு வந்த. எனக்குத் தெரியாதா? அதுக்காவ பொய் சொல்லணுமா? இன்னிக்கு ஒரு பொய் சொன்னா நாளையிலிருந்து தினம் அந்தக் கசப்ப முழுங்கிகினு சிரிக்கணும். என்னால ஆவாது. கசப்பத்தான் குடிக்கணும்னா சும்மா கீற டீத்தண்ணி கசப்பு போதும். அத யாரும் தித்திப்புன்னு சொல்லமாட்டாங்க."

அன்றிலிருந்து அவள் சர்க்கரையே இல்லாமல் குடித்தாள். டாக்டர் கொடுத்த மருந்தை வேளை தப்பாமல் போட்டுக்கொண்டாள். ஆரம்பத்தில் ஒவ்வொரு வாய்க்கும் முகம் கோணும். நாங்கள் பார்க்கிறோம் என்று தெரிந்தால் வேண்டுமென்றே எங்கள் பக்கம் திரும்பி உட்கார்ந்து கடைசிச் சொட்டு வரைக்கும் குடிப்பாள். மாமா அவள் எதிரில் இனிப்பு டீ குடிக்க முடியாமல் கடைக்குப் போய்க் குடித்துவிட்டு வருவார். அது தெரிந்து அக்கா ஒருநாள் அவருக்கு வழக்கம்போலச் சர்க்கரையைக் கொட்டி டீ போட்டுக் கொடுத்தாள். "உனக்குத் தித்திப்பு புடிக்கும். நீ குடி. என்னிய இன்னாத்துக்குப் பாக்கற?" அவர் அந்தத் தம்ளரை வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தார்.

சுகர் இறங்கியது. புண் ஆறியது. ஆனால் அந்தக் காலில் பழைய பலம் திரும்பவில்லை. மார்க்கெட்டுக்குப் போக முடியாமல் வீட்டோடு இருந்தது அவளுக்கு டீயைவிட அதிகமாகக் கசந்தது. அந்த நேரத்தில்தான் எங்கள் மகளிர் குழுவுக்கு அந்த வேலை வந்தது.

சென்னையிலிருந்து ஒரு தம்பி வந்தான். சுகர் உள்ளவர்களுக்கென்று பலகாரம் செய்து விற்கிற தொழில். மரியாதையான பிள்ளை, எல்லோரையும் அம்மா என்றுதான் கூப்பிட்டான். வெல்லத்துக்குப் பதிலாக அவன் கொடுக்கிற இனிப்புப் பொடியைப் போட்டுக் கடலை உருண்டை பிடித்துத் தரவேண்டும். உட்கார்ந்து செய்கிற வேலை, வருஷம் முழுக்க வேலை. ஏரியில் முகத்துவாரம் அடைத்துக்கொண்டு இறால் வராத மாதங்களில்கூட அடுப்பு எரியும். எங்களுக்கெல்லாம் அது பெரிய விஷயம், அக்காவுக்கு எங்களைவிடப் பெரிய விஷயம். நொண்டிக்கொண்டு நின்றவளுக்கு மறுபடியும் சொந்தக் கையால் சம்பாத்தியம்.

அந்தத் தம்பிக்கு ஒரு யோசனை இருந்தது. பாக்கெட்டின் மேல் குழுவில் ஒருத்தியின் முகத்தைப் போடவேண்டும், அதுவும் சுகர் உள்ள ஒருத்தியாக. அவள் தின்று பார்த்துப் பேசுவதைப் போனில் படம் பிடித்து விளம்பரமாகப் போடவேண்டும். குழுத் தலைவி யோசிக்காமல் கையைக் காட்டினாள். "எங்க அக்கா கீது. சுகர்காரி, மூஞ்சியும் லட்சணமா இருக்கும்."

படம் பிடிப்பதற்கு முதல் நாள் மாமா வாசலில் அவளிடம் கெஞ்சியதை நான் கேட்டேன். "ஒரு வார்த்தமே. தித்திக்குதுன்னு ஒரு வார்த்த. உனக்கே தெரியும், உன்னால இனிமே கூடையத் தூக்க முடியாது." அக்கா எழுந்து உள்ளே போய்விட்டாள். மறுநாள் மஞ்சள் பூசிக் குளித்து, நல்ல புடவை கட்டி, என்னைப் பூ வைக்கச் சொன்னாள். சரி, சொல்லிவிடப்போகிறாள் என்றுதான் நினைத்தேன்.

புயல் வந்தால் ஊர் தங்குவதற்கென்று கட்டிய மண்டபத்தில் கூடினோம். வெயிலில் வெளிச்சம் நன்றாக இருந்தது. எல்லோர் கையிலும் ஒவ்வொரு உருண்டை. மாமியாரும் வந்திருந்தார். ஆம்பிளைகள் நாலைந்து பேர் கதவோரம், அவர்களோடு மாமா. அந்தத் தம்பி போனை ஒரு கம்பியில் மாட்டி அக்காவுக்கு நேராக வைத்தான்.

"பயப்படாதீங்கம்மா. கடிச்சிட்டு, எப்படி இருக்குன்னு இயல்பா சொல்லுங்க."

அக்கா கடித்தாள், மென்றாள். மண்டபத்தில் அவள் மெல்லுகிற சத்தம் மட்டும்தான்.

"கடல நல்லா வறுபட்டுக்கீது" என்றாள். குழுத் தலைவி சிரித்துக்கொண்டே தலையாட்டினாள். "மொதல்ல தித்திக்குது. அப்புறம் கசக்குது. தொண்டையில நின்னுகினு போவமாட்டேங்குது."

அந்தத் தம்பி போனை நிறுத்தினான். "பரவால்லம்மா, இன்னொரு தடவை எடுக்கலாம்."

இன்னொரு தடவையும் அதையேதான் சொன்னாள். குழுத் தலைவி பக்கத்தில் வந்து பல்லைக் கடித்துக்கொண்டு, "அக்கா, எங்க எல்லார் பொழப்பும் கீது இதுல" என்றாள்.

"என் பொழப்பும்தாண்டி கீது" என்றாள் அக்கா.

கதவோரத்திலிருந்து மாமா குரல் கொடுத்தார். "அவள உடுங்க சார். வேற யாரையாவது எடுங்க. அவளுக்கு எப்பவுமே கசக்குதாம்."

சிலர் சிரித்தார்கள். அக்கா எழுந்து நின்றாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"ஆமா, எனக்குக் கசக்குது. அத மறைச்சுத் தித்திக்குதுன்னு என் மூஞ்சிய ஒட்டி விக்கிறீங்க. எங்கியோ ஒரு வூட்ல ஒருத்தி வாங்குவா. இல்ல, அவ புருசன் ஆசையா வாங்கினு போவான். அவ தின்னுட்டுக் கசக்குதுன்னு சொல்லுவா. அவன் இந்தப் பாக்கெட்டக் காட்டுவான். 'தோ பாரு, இந்தம்மாவும் சுகர்காரிதான், தித்திக்குதுன்னு சொல்லுது, நீ மட்டும் இன்னாத்துக்கு நடிக்கிற?' அப்படின்னு என் மூஞ்சிய வச்சே அவள அடிப்பான். அத நான் செய்யமாட்டேன். வேல போனா போவட்டும்."

"எனக்கு நெஜமாவே தித்திக்குதும்மா" என்றான் அந்தத் தம்பி. அவன் பொய் சொல்லவில்லை என்று முகத்தில் தெரிந்தது.

"உனக்குத் தித்திக்கும்பா. நான் இல்லன்னா சொன்னேன்? உன் மூஞ்சிய ஒட்டி வித்துக்க."

யாரும் சிரிக்கவில்லை. அப்போது என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமியார் வாயிலிருந்ததை முந்தானையில் துப்பினார். துப்பியதை மடித்துக் கையில் பிடித்துக்கொண்டு, கதவுப் பக்கம் பார்த்துச் சொன்னார்.

"எனக்கும் கசக்குதுடா நைனா."

மாமா முதலில் கேட்காத மாதிரி நின்றார்.

"அன்னிக்கே கசந்துச்சு. நீ எவ்ளோ ஆசையா வாங்கினு வந்த. ஒம் மூஞ்சியப் பாத்துட்டு வாய் வரல. அதான் தேன் மாதிரி கீதுன்னேன்." அக்கா பக்கம் திரும்பினார். அவர் கண்ணில் தண்ணீர் இல்லை, வெட்கம்தான் இருந்தது. "நீ சொல்லிட்ட. நான் சொல்லாம உன்னிய நடிக்கிறன்னேன்."

அதற்குப் பிறகு பின் வரிசையிலிருந்து ஒருத்தி, "எனக்கும் கடேசில ஒரு மாதிரியாத்தான் வந்துச்சு. எல்லாரும் தித்திப்புன்றாங்களேன்னு சும்மா இருந்தேன்" என்றாள். இன்னொருத்தி கையைத் தூக்கினாள். அவளுக்குப் பின்னால் இன்னும் சிலர். எனக்கும் என்னைப் போல நிறையப் பேருக்கும் அது சுத்தமான தித்திப்பு. ஒரே சட்டியில் பிடித்த உருண்டை, ஒரே ஊர்ப் பெண்கள். நாங்கள் ஒருத்தர் வாயை ஒருத்தர் புதிதாகப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டோம்.

அந்தத் தம்பி போனைக் கழற்றிப் பையில் வைத்தான். கோபப்படவில்லை. யோசித்துவிட்டுக் கூப்பிடுகிறேன் என்று சொல்லிப் போனான். கூப்பிடவில்லை. அந்த வேலை வேறு ஊர்க் குழுவுக்குப் போய்விட்டது என்று பிறகு கேள்விப்பட்டோம்.

குப்பம் அக்காவைத் தூக்கிக் கொண்டாடியது என்று சொன்னால் அது பொய். நல்ல வேலையைக் கெடுத்தவள் என்றுதான் பேசினார்கள். குழுத் தலைவி வெகு நாள் அவளைப் பார்த்தால் தெரு மாறிப் போனாள். "சோத்துல மண்ணள்ளிப் போட்டுட்டா" என்று குழாயடியில் அவள் காது கேட்கவே சொன்னார்கள். அக்கா குடத்தை நிரப்பிக்கொண்டே, "மண்ணா இருந்தா மண்ணுன்னு சொல்லிட்டுத்தான் போடுவேன்" என்றாள். பஸ் நிற்கிற இடத்தில் ஒரு ஐஸ் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து கருவாடு விற்க ஆரம்பித்தாள். மாமா தினமும் காலையில் மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய் வைத்துவிட்டு வருவார்.

கிராமத்து நர்ஸம்மா மாசா மாசம் வீடு வீடாக வருவார். அந்த முறை மாமாவே இந்தக் கசப்பைப் பற்றி அவரிடம் கேட்டார். நர்ஸம்மா சாதாரணமாகச் சொன்னார்: "அப்படி நிறையப் பேர் இருக்காங்கண்ணே. சர்க்கரை நாக்குல தித்திப்ப மட்டும்தான் தொடும். இந்த மாதிரிப் பொடி சிலர் நாக்குல கசப்பையும் சேர்த்துத் தொடும். கண்ணு, மூக்கு மாதிரி அதுவும் பொறக்கும்போதே வர்றது. பழகினா சரியாகும், பிடிவாதம்னு எல்லாம் சொல்ல முடியாது."

மாமா தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். ரத்தக் கொதிப்பு பார்க்கிற பட்டையை அக்கா கையிலிருந்து கழற்றிக் கொடுத்தாள். 'பாத்தியா' என்று ஒரு பார்வை பார்ப்பாள் என்று எதிர்பார்த்தேன். அதுகூட இல்லை. அவளுக்கு அது செய்தியே இல்லையே.

சில நாள் கழித்து ஒரு சொந்தக்காரர் வந்திருந்தார். அக்கா வெறும் டீ குடிப்பதைப் பார்த்துவிட்டு, "இப்பல்லாம் அதுக்கு மாத்திர கீதே, வாங்கித் தரக்கூடாதா?" என்று மாமாவிடம் கேட்டார்.

"அவளுக்குக் கசக்குது" என்றார் மாமா.

அவ்வளவுதான். ஒட்டு எதுவும் இல்லை, உதடு கோணவில்லை. மீன் வந்தது, காற்று திரும்பியது என்று சொல்கிற மாதிரிச் சொன்னார். அக்கா நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, காலித் தம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனவள் சட்டென்று வெளியே வரவில்லை.

அக்கா போய் இப்போது சில வருஷம் ஆகிறது. சுகர் கடைசியில் அவள் சிறுநீரகத்தைப் பிடித்துக்கொண்டது. சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாள். கூட இருந்தது நான்தான். உப்பையும் நிறுத்திவிட்டார்கள். ஒரு மத்தியானம் புதிதாக வேலைக்கு வந்த ஒரு நர்ஸ் பெண் அரிசிக்கஞ்சி கொண்டுவந்தாள். சின்னப் பெண், நல்ல மனசு. அவளே கட்டிலில் உட்கார்ந்து ஊட்டினாள். ஒரு வாய் போனதும் குழந்தையிடம் கேட்கிற மாதிரிக் கேட்டாள்:

"நல்லா இருக்காம்மா? நல்லா இருக்குன்னு சொல்லுங்க பாக்கலாம்."

அக்காவுக்கு அப்போது பேசவே மூச்சு வாங்கும். தலையாட்டியிருந்தால் போதும், அந்தப் பெண் சந்தோஷமாகப் போயிருப்பாள். அக்கா கையை ஊன்றிக் கொஞ்சம் நிமிர்ந்தாள். நான் முதுகைத் தாங்கிக்கொண்டேன்.

"நல்லா இல்லமா" என்றாள். "கொண்டா இப்படி, நானே குடிக்கிறேன்."

கிண்ணத்தை இரண்டு கையாலும் வாங்கினாள். கிண்ணம் ஒரு பக்கம் சாய்ந்தது. பிடிக்கப் போன என்னைக் கண்ணாலேயே தள்ளி நிற்கச் சொன்னாள். நடுவில் நிறுத்தி நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டு, எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்தபடியே, முழுதும் குடித்து முடித்தாள்.